ஹப்புத்தளையில் மூன்று இரவுகள்: ஐந்து பேர், 80,000 ரூபாய்

2023 ஏப்ரலில் நுவரெலியாவுக்குப் போய்வந்து ஒரு வாரம் கழித்து, நானும் என் கணவரும் சமையலறை மேசையில் உட்கார்ந்து செலவுக் கணக்கை எழுதினோம். ஒரு இலட்சத்து 65 ஆயிரம் ரூபாய். கொழும்பு கொட்டாஞ்சேனையில் வாடகை வீட்டில் இருக்கும் ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு அது சின்னத் தொகை அல்ல. எதற்காகப் போனது என்று பார்த்தபோது இன்னும் வலித்தது. பாதிக்கு மேல் வேன் வாடகையும் டீசலும். கண்டி, நுவரெலியா, எல்ல மூன்றையும் மூன்றே நாளில் பார்த்துவிட வேண்டும் என்று ஓடினோம். கிரகரி வாவியைச் சுற்றிய நெரிசலிலேயே ஒன்றரை மணி நேரம் போனது. தொலைபேசியில் பேசி முற்பணம் அனுப்பிய அறை ஒன்று. போய்ச் சேர்ந்ததும் காட்டப்பட்ட அறை வேறொன்று. சுவரில் ஈரம், குழாயில் வெந்நீர் இல்லை. வசந்த காலக் கொண்டாட்டத்துக்காக ஊரே நிரம்பியிருந்ததால் வேறு இடம் தேடவும் வழியில்லை. மாமி அந்த இரண்டு இரவும் இரண்டு சேலையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்தபடியே தூங்கினார்.

அந்தக் கணக்குத் தாளை நான் எறியவில்லை. அடுத்த பயணத்துக்கான பாடப் புத்தகம் அதுதான் என்று நினைத்தேன். அதைத் திரும்பத் திரும்பப் பார்த்தபோது ஒரு விஷயம் தெளிவானது. மலையில் ஓர் இடத்தில் தங்குவதற்கு அவ்வளவு செலவு இல்லை. ஊர் ஊராக நகரும்போதுதான் காசு கரைகிறது. நகரும் நேரமும் மலையில் மிக நல்ல நேரமான காலைப் பொழுதாகவே இருந்துவிடுகிறது. மத்தியானத்துக்குப் பிறகு முகில் ஏறிவிட்டால் எந்த உச்சியில் நின்றாலும் வெள்ளைத் திரைதான். நாங்கள் அந்த முறை மூன்று காலைகளையும் வேனுக்குள் தொலைத்திருந்தோம்.

ஆகவே 2025 ஆகஸ்ட் பாடசாலை விடுமுறைக்குத் திட்டமிட்டபோது இரண்டே விதிகள் வைத்தோம். ஒரே ஊர், ஒரே அறை. காலை 11 மணிக்கு முன் வெளியே, அதற்குப் பிறகு ஓய்வு.

எந்த ஊர் என்ற கேள்விக்குப் பதில் என் கணவரின் கடையிலிருந்து வந்தது. அவர் புறக்கோட்டையில் ஒரு துணி மொத்த வியாபாரக் கடையில் கணக்குப் பார்க்கிறார். புறக்கோட்டைக் கடைகளில் மலையகத்திலிருந்து வந்து வேலை செய்யும் இளைஞர் இல்லாத கடையைக் காண்பது அரிது. எங்கள் கடையில் இருக்கும் தம்பிக்கு ஊர் ஹப்புத்தளைக்கு அப்பால் தம்பேதன்ன தோட்டம். "அண்ணா, ஆகஸ்டில் நுவரெலியாப் பக்கம் மழை. எங்கள் பக்கம் வாருங்கள், காற்று இருக்கும், மழை இருக்காது" என்று அவர்தான் சொன்னார். கொழும்பில் இருக்கும் நாம் விடுதிகளின் விளம்பரப் படங்களை நம்புகிறோம். பக்கத்தில் நின்று துணி மடிக்கும் பிள்ளையிடம் அவன் ஊரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்பதில்லை. இதை நான் வெட்கத்தோடுதான் எழுதுகிறேன்.

அவர் சொன்னதற்குக் காரணம் உண்டு. தென்மேற்குப் பருவக்காற்று தன் மழையையெல்லாம் மலையின் மேற்குச் சரிவில் கொட்டிவிட்டு, முகட்டைத் தாண்டும்போது வறண்ட காற்றாக ஊவாப் பக்கம் இறங்குகிறது. கச்சான் காற்று என்று சொல்வது இதைத்தான். ஜூலை முதல் செப்டெம்பர் வரை வீசும் இந்தக் காற்றில் வாடும் கொழுந்துதான் ஊவாத் தேயிலைக்கு அதன் தனி மணத்தைத் தருகிறது. ஜனவரி முதல் மார்ச் வரை போகிறவர்களுக்கு நுவரெலியா, ஹட்டன் பக்கம் நல்லது. ஆகஸ்டில் ஹப்புத்தளை, பண்டாரவளை. ஏப்ரலில் எங்கும் விலை கூட. போயா என்ற பௌர்ணமி விடுமுறை நாளோடு ஒட்டிய வார இறுதிகளும் அப்படியே. நாங்கள் பேசிய வீட்டில் வெள்ளி, சனி இரவுகளுக்கு அறை 12,000 ரூபாய். திங்கள் முதல் வியாழன் வரை 9,000. என் கணவர் கடையில் விடுப்பைத் திங்கள் முதல் வியாழன் வரை கேட்டு வாங்கியதிலேயே இரவுக்கு 3,000 ரூபாய் மிச்சம்.

தங்கிய இடம் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரின் வீடு. மேல்மாடியில் விருந்தினருக்கென ஒரு பெரிய அறையும் அதை ஒட்டி ஒரு சிறிய அறையும். முதல் பயணத்தில் பட்ட அடி காரணமாக, முற்பணம் அனுப்பும் முன் டீச்சரிடம் நான்கு கேள்வி கேட்டேன். வெந்நீர் எந்த நேரமும் வருமா? ஆளுக்கு ஒரு கம்பளி உண்டா? குளியலறை அறைக்குள்ளா, வெளியிலா? வாசலிலிருந்து அறைக்கு எத்தனை படி? கடைசிக் கேள்வி மாமியின் முழங்காலுக்காக. டீச்சர் கைத்தொலைபேசியை எடுத்துக்கொண்டு வாசலிலிருந்து அறைவரை நடந்து காட்டினார், குழாயைத் திறந்து ஆவியையும் காட்டினார். அப்படிக் காட்டத் தயங்குகிற இடத்துக்கு இனிக் காசு அனுப்புவதில்லை என்று முடிவெடுத்திருக்கிறேன். முற்பணமாக ஓர் இரவின் வாடகையை மட்டும்தான் அனுப்பினோம்.

ரயில் ஆசன முன்பதிவு அப்போது பயண நாளுக்கு 30 நாட்களுக்கு முன் திறந்தது. பதுளை ரயில்களுக்குச் சில நிமிடங்களில் முடிந்துவிட்டது. முதல் நாள் எங்களுக்குக் கிடைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைக்குப் பதிலாகத் திங்கட்கிழமைக்கு முயன்றபோது மூன்றாம் வகுப்பில் ஐந்து ஆசனங்கள் கிடைத்தன. மூன்றாம் வகுப்பு என்று தயங்க வேண்டியதில்லை. ஜன்னல் திறக்கும், காற்று வரும், அதே மலைதான் தெரியும். முன்பதிவு இல்லாமல் ஒன்பது மணி நேரம் நின்றுகொண்டு போவதை மட்டும் வயதானவர்களோடும் பிள்ளைகளோடும் செய்யவே கூடாது. கூடுதல் விலைக்கு வெளியே விற்பவர்களிடமும் வாங்க வேண்டாம்.

அதிகாலை 5.55க்குக் கோட்டையிலிருந்து புறப்பட்டோம். காலைச் சாப்பாட்டுக்கு வீட்டில் சுட்ட ரொட்டியும் கட்டா சம்பலும், வழியில் ரயிலுக்குள் விற்ற வடை. தலவாக்கலை தாண்டியதும் மழை. பட்டிப்பொல நிலையத்தில், கடல் மட்டத்திலிருந்து 1,891 மீற்றர் என்று எழுதியிருக்கும் பலகையை என் மூத்த மகன் படித்துக்கொண்டிருந்தபோதும் மழை ஜன்னலில் அடித்தது. அதற்கு அடுத்து ஒரு சுரங்கம். மழையோடு அதற்குள் நுழைந்த ரயில் மறுபக்கம் வெயிலில் வெளியே வந்தது. பெட்டி முழுவதும் ஒரே சத்தம். கீழே ஊவாப் பள்ளத்தாக்கு மடிப்பு மடிப்பாகக் கிடந்தது. கடைத் தம்பி சொன்ன காற்றின் கதையை நான் பிள்ளைகளுக்கு அங்கேதான் விளக்கினேன். கண்முன் நடந்ததால் இரண்டு பேரும் கேட்டார்கள்.

செய்ய வேண்டியவை எவை என்பதைக் கொழும்பிலேயே முடிவு செய்திருந்தோம். காசு செலவாகும் காரியம் ஒன்றே ஒன்று, மற்றதெல்லாம் நடை. மூத்தவனுக்கு எல்லவில் கம்பியில் தொங்கிக்கொண்டு பள்ளத்தாக்கைக் கடக்கும் விளையாட்டு வேண்டும் என்றிருந்தது. சின்னவளுக்கு ஹோட்டன் சமவெளித் தேசியப் பூங்கா. வீட்டில் வாக்கெடுப்பு வைத்தோம், மாமியின் வாக்கால் ஹோட்டன் சமவெளி வென்றது. இதை ஊரில் போய் நின்றுகொண்டு பேசினால் அழுகையும் கோபமும் வரும். வீட்டிலேயே பேசி முடித்தால் அவரவர் மனம் ஆறிவிடுகிறது.

செவ்வாய் காலை லிப்டன் சீட். தம்பேதன்னத் தேயிலைத் தொழிற்சாலை தோமஸ் லிப்டன் காலத்தில், 1890இல் கட்டப்பட்டது. அங்கிருந்து மேலே அவர் உட்கார்ந்து தன் தோட்டங்களைப் பார்த்த இடம் வரை 7 கிலோமீற்றர், வளைந்து வளைந்து ஏறும் பாதை. பலர் கீழிருந்து நடந்து ஏறி, உச்சியை அடையும்போது முகிலையும் களைப்பையும் சேர்த்துச் சந்திக்கிறார்கள். நாங்கள் மாற்றிச் செய்தோம். விடிவதற்கு முன் இரண்டு ஓட்டோக்களில் உச்சிக்குப் போய்விட்டோம். ஒரு மணி நேரம் அங்கே இருந்தோம். காற்று ஆளைத் தள்ளியது. மாமியைக் கைபிடித்து நிறுத்தி வைத்தோம். தெற்கே தாழ்நிலம் முழுவதும் நீல நிறத்தில் விரிந்து கிடந்தது, குளங்கள் தகரத் துண்டுகள் போல மின்னின. பிறகு மாமி ஓட்டோவில் இறங்க, நாங்கள் நால்வரும் தேயிலைக்கு நடுவே கீழ்நோக்கி நடந்தோம். ஒன்பது வயதுப் பிள்ளைக்கு 7 கிலோமீற்றர் இறக்கம் கஷ்டமே இல்லை. பெரியவர்களுக்குத்தான் அடுத்த நாள் தொடை வலிக்கும். ஒரு தடி கையில் இருந்தால் நல்லது.

நடையின் பாதியில் கொழுந்து நிறுக்கும் இடம் வந்தது. கடைத் தம்பி தன் அம்மாவுக்கு ஒரு பொதி கொடுத்து அனுப்பியிருந்தார்: ஒரு சேலை, இரண்டு மாதத்துக்கான பிரஷர் மாத்திரை. அவர் நிறுவைக்கு வரும் நேரத்தை மகனிடம் கேட்டுத்தான் வந்திருந்தோம். பெண்கள் முதுகுச் சாக்கைத் தராசுக் கொக்கியில் மாட்டுகிறார்கள், கணக்குப்பிள்ளை எண்ணைச் சொல்கிறார், சாக்கின் எடை என்றும் ஈரம் என்றும் கொஞ்சம் கழிக்கிறார், துண்டுச் சீட்டு ஒன்றைத் தருகிறார். எல்லாம் அரை நிமிடம். தம்பியின் அம்மாவின் விரல் நுனிகள் கறுத்து வெடித்திருந்தன. சேலையைத் தொடும் முன் கையை இடுப்புப் படங்கில் துடைத்துக்கொண்டார். "18 கிலோ எடுத்தால் முழுப்பேர் தங்கச்சி, இல்லையென்றால் அரைப்பேர்" என்றார். முழுப்பேர் என்றால் முழு நாட்சம்பளம், அரைப்பேர் என்றால் அதில் பாதி. அப்போது நாட்சம்பளம் 1,350 ரூபாய். எங்களுடைய ஓர் இரவு அறை வாடகை அவருடைய ஏறக்குறைய ஏழு நாள் முழுப்பேர். மூத்தவன் அந்தக் கணக்கைத் தானே போட்டுச் சத்தமாகச் சொன்னான். நான் அவனை அடக்கவில்லை.

மலைக்குப் போகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். கொழுந்து பறிக்கும் பெண்களைக் கேட்காமல் படமெடுக்காதீர்கள். கையை அசைத்து நிறுத்தச் சொன்னால் அவர்களுக்கு நேரம் போகிறது, நேரம் போனால் கிலோ குறைகிறது. நாங்கள் நாம் பேசும் மொழியையே பேசுகிற மக்களின் வேலைத்தலத்துக்கு நடுவே நடந்துபோகிறோம். வணக்கம் சொல்லி, ஓரமாக வழிவிட்டு நடந்தால் அவர்களாகவே கதைப்பார்கள். குறுக்குப் பாதை எது, எங்கே வழுக்கும் என்றெல்லாம் எங்களுக்குச் சொன்னது அவர்கள்தான்.

புதன்கிழமை ஹோட்டன் சமவெளி. ஹப்புத்தளையிலிருந்து ஒஹிய வழியாகப் போய்வர வேன் 11,000 ரூபாய், நுழைவுக் கட்டணமும் மற்றவையும் சேர்த்து 13,000. அதிகாலை 4 மணிக்குப் புறப்பட்டோம். பொலித்தீன் உள்ளே கொண்டுபோக முடியாது. நுழைவாயிலில் பைகளைத் திறந்து பார்க்கிறார்கள். தண்ணீர்ப் போத்தலில் ஒட்டியிருந்த மெல்லிய தாளைக்கூட உரித்து எடுத்தார்கள். இது தெரிந்திருந்ததால் நாங்கள் சாப்பாட்டை வாழை இலையில் கட்டி எவர்சில்வர் டப்பாவில் வைத்திருந்தோம். முன்னால் நின்ற குடும்பம் பிஸ்கட் பொதிகளைப் பிரித்துப் பழைய பத்திரிகைத் தாளில் கொட்டிச் சுற்றிக்கொண்டிருந்தது. வரிசை அங்கேயே கால் மணி நேரம் நின்றது. வாகனத் தரிப்பிடத்துக்குப் பக்கத்தில் மரைகள் பயமில்லாமல் வந்து நிற்கும். எதையும் கொடுக்கக் கூடாது. பொலித்தீனை விழுங்கி அந்த விலங்குகள் இறந்திருக்கின்றன. சோதனைக்கு அதுதான் காரணம்.

சுற்றுப்பாதை 9 கிலோமீற்றருக்குச் சற்றுக் கூட. உலக முடிவு என்று சொல்லும் மலை விளிம்பில் நிலம் 800 மீற்றருக்கு மேல் செங்குத்தாக முடிந்துவிடுகிறது. எட்டு மணிக்கு நாங்கள் நின்றபோது கீழே தெரிந்த வீட்டுக் கூரைகள், ஒன்பதே காலுக்கெல்லாம் முகிலுக்குள் போயின. அந்த நேரத்தில் வந்து சேர்ந்தவர்கள் வெள்ளைச் சுவரின் முன் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். வேனில் ஒரு மணி நேரம் பிந்தியிருந்தால் எங்களுக்கும் அதுதான். மாமி நடக்கவில்லை, வேனுக்குள் கம்பளியைப் போர்த்திக்கொண்டு, ஜன்னலில் மரைகளைப் பார்த்தபடி இருந்தார். அவருக்கு ஃபிளாஸ்கில் இஞ்சித் தேநீர் வைத்துவிட்டுப் போனோம். மாமியை விட்டுவிட்டுப் போகிறோமே என்று எனக்கு மனம் அடித்துக்கொண்டது. திரும்பி வந்தபோது எத்தனை மரை வந்தது, எதற்குக் கொம்பு பெரிது என்று எங்களைவிட அதிகம் சொல்ல அவரிடம் இருந்தது.

வியாழன் காலை அடிசம் பங்களா. டவுனிலிருந்து மூன்று கிலோமீற்றர் அளவு நடை. 1931இல் சேர் தோமஸ் வில்லியர்ஸ் என்ற தோட்ட முதலாளி இங்கிலாந்து மாளிகை போலக் கருங்கல்லில் கட்டியது. இப்போது புனித ஆசீர்வாதப்பர் சபைத் துறவிகளின் மடம். வார இறுதி, போயா, பாடசாலை விடுமுறை நாட்களில்தான் பார்வையாளர்களுக்குத் திறக்கிறார்கள். துறவிகள் செய்யும் ஜாம் அங்கேயே வாங்கலாம். பக்கத்திலிருக்கும் தங்கமலைக் காட்டுப் பாதையில் மழை பெய்திருந்தால் அட்டை ஏறும். காலுறைக்கு மேல் சவர்க்காரத்தைத் தேய்த்துக்கொண்டால் போதும், ஏறியதைப் பிய்க்காமல் உப்பு வையுங்கள்.

சாப்பாட்டில் மிச்சம் பிடிக்க நாங்கள் பாடுபடவில்லை. காலையும் இரவும் டீச்சர் வீட்டில்: இடியப்பம், சொதி, ஒரு நாள் லீக்ஸ் சுண்டல், ஒரு நாள் பீட்ரூட் கறி. மத்தியானம் டவுன் கடையில் சோறு. பிற்பகல்களில் வெளியே போகாததால் நொறுக்குத் தீனிச் செலவும் தானாகக் குறைந்தது. முகில் ஜன்னல்வரை வந்து நிற்கும், பிள்ளைகள் கம்பளிக்குள் கிடந்து கரம் விளையாடுவார்கள். கொழும்பில் எங்களுக்குக் கிடைக்காதது அந்த மூன்று மணி நேரங்கள்தான்.

குளிருக்கென்று நான் எதுவும் புதிதாக வாங்கவில்லை. உள்ளே ஒரு பனியன், மேலே முழுக்கைச் சட்டை, அதற்கு மேல் காற்றைத் தடுக்கும் மழைச் சட்டை என்று மூன்று அடுக்கு. காதை மூடுவதற்குத் தொப்பி கட்டாயம் வேண்டும், ஹப்புத்தளைக் காற்று காதுக்குள்தான் முதலில் போகும். வழுக்காத அடிப்பாகம் உள்ள பழைய சப்பாத்து போதும். புதுச் சப்பாத்து காலைக் கடிக்கும்.

திரும்பும்போது பஸ். பெரகல, ஹல்துமுல்ல, பலாங்கொடை, இரத்தினபுரி வழியாக இறங்கும் பாதை, வளைவுகள் அதிகம். வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு ஏறாதீர்கள். சின்னவளுக்குத் தேசிக்காயைக் கீறி முகரக் கொடுத்து, முன் ஆசனத்தில் உட்கார வைத்தேன், இந்தமுறை குமட்டவில்லை.

மொத்தக் கணக்கு இதுதான்: அறை 27,000, சாப்பாடு 18,000, ஹோட்டன் சமவெளி 13,000, ரயிலும் பஸ்ஸும் 12,000, ஓட்டோக்கள் 7,000, ஜாமும் தேயிலையும் 3,000. எண்பதாயிரம் ரூபாய். ஒரு நாள் கூடுதலாகவும் தங்கி, நுவரெலியாப் பயணத்தின் பாதிக்கும் குறைவு.

அந்தப் பயணம் முடிந்து மூன்று மாதத்தில், நவம்பர் கடைசியில், டித்வா புயல் வந்தது. மலைச் சரிவுகள் சரிந்தன, ரயில் பாதை பல இடங்களில் பெயர்ந்தது. ஹப்புத்தளை முகட்டின் கீழே கொஸ்லந்தைக்கு அருகில்தான் 2014 அக்டோபர் 29 அன்று மீரியபெத்தைத் தோட்டத்தின் லயங்கள், தொழிலாளர்களின் வரிசை வீடுகள், மண்ணுக்குள் போயின. அந்தப் பக்கத்து மக்களுக்கு மழைக்காலம் என்றால் அந்த நினைவுதான் முதலில் வரும். கடைத் தம்பிக்கு ஐந்து நாள் அம்மாவோடு பேச முடியவில்லை. ஆறாம் நாள் பக்கத்து வீட்டுத் தொலைபேசியிலிருந்து அழைப்பு வந்தது. லயத்துக்கு மேலே சரிவில் வெடிப்பு தெரிந்ததால் எல்லோரையும் பாடசாலைக்கு மாற்றியிருக்கிறார்கள், மாத்திரை கையில் இருக்கிறது என்று சொல்லியிருக்கிறார்.

அக்டோபர் முதல் டிசெம்பர் வரை, வாடகை எவ்வளவு குறைந்தாலும், அந்தப் பக்கம் விடுமுறைக்குப் போகத் திட்டமிடாதீர்கள். மற்ற மாதங்களிலும் புறப்படும் முன் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையைப் பாருங்கள், ரயில் எதுவரை ஓடுகிறது என்று கோட்டை நிலையத்தில் கேளுங்கள். நிலைமை சீரான பிறகு கட்டாயம் போங்கள். டீச்சர் வீடு போன்ற இடங்களுக்கு வருமானம் நம்மைப் போன்றவர்களிடமிருந்துதான் வருகிறது. அடுத்த ஆகஸ்டுக்கு எங்களுக்கும் எண்ணம் இருக்கிறது. அறைக்கு இன்னும் பேசவில்லை. தம்பியின் அம்மா லயத்துக்குத் திரும்பிவிட்டாரா, அந்த வெடிப்பை வந்து பார்த்தார்களா என்று முதலில் அவரிடம் கேட்க வேண்டும்.